யூதன் வீட்டுப் பெண்

1955-ஆம் வருஷம் ஜனவரி மாதம் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற பிரசித்தமான தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அந்தத் தீர்மானத்தை நினைவு வைத்திருப்பவர்கள் பலர். மகாசபைக்காக அமைந்த நகரத்துக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் சூட்டியிருந்தார்கள் என்பதை நினைவு வைத்திருப்பவர்கள் சிலர். அந்தச் சத்தியமூர்த்தி, மேடையில் பேசியது போலவே மேடையில் வேஷம் கட்டி நடித்தவரும்கூட என்பதை அறிந்தவர்கள் அதைவிடச் சிலர்.

அவர் நடித்தது சுகுண விலாச சபையில். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சேர்ந்து ஆரம்பித்த சபை அது. அதுவரை, நாடகம் ஆடுவது கௌரவமான குடும்பத்துப் பிள்ளைகள் செய்யும் காரியமல்ல என்றிருந்தது. வக்கீல்களும், உத்தியோகஸ்தர்களும், கல்லூரி மாணவர்களும் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு விக்டோரியா பப்ளிக் ஹாலில் வந்து நின்றபோது சென்னைப் பட்டணம் மூக்கின்மேல் விரலை வைத்தது. பிறகு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரிடம் மாளாத பக்தி கொண்டவர். ஆனால் அந்த மகாகவியை அவர் கோட்டும் தொப்பியுமாகக் கொண்டுவரவில்லை. ஹாம்லெட் அவரிடம் அமலாதித்யன் ஆனான். மாக்பெத் மகபதி ஆனான். சிம்பலின் சிம்ஹளநாதன் ஆனான். வெனிஸ் நகரத்து வர்த்தகன் கதை ‘வாணீபுர வணிகன்’ என்ற பெயரில் தமிழ் நாடகமாயிற்று. சபையில் வக்கீல்கள் நிறைய. முதலியாரே வக்கீல், பின்னாளில் ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியாகவும் இருந்தவர். ஒரு பவுண்டு சதை கேட்கும் அந்தக் கோர்ட்டுக் காட்சி இப்படிப்பட்டவர்களுக்கு எவ்வளவு ருசித்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

கோர்ட்டுக் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். ஷைலக்கின் வீட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர்: தகப்பன், மகள். தாய் இறந்துவிட்டாள். அவள் கொடுத்த மோதிரத்தை மகள் தூக்கிக்கொண்டு போய் ஒரு குரங்குக்கு விலையாகக் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்படும்போது கிழவன் துடிக்கிற துடிப்பு, நாடகத்தில் வேறு எவரும் துடிக்காத துடிப்பு. ஜெசிக்கா ஒரு கிறிஸ்தவ வாலிபனோடு ஓடிப்போகிறாள், மதம் மாறுகிறாள், நகையும் பணமுமாகச் சுகமாக வாழப் போகிறாள். தகப்பனையும் கோர்ட்டு மதம் மாறச் சொல்லிவிடுகிறது. கடைசி அங்கத்தில் நிலா காய்கிறது, சங்கீதம் கேட்கிறது, எல்லாம் மங்களம். யூதன் வீடு மாத்திரம் இல்லாமல் போய்விட்டது.

வாணீபுர வணிகனைப் பார்க்க வந்த சென்னை ரசிகர்களில் யூதரை நேரில் கண்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மிகவும் சிலரே இருந்திருக்க முடியும். ஆனால் அந்த ஊருக்கு யூதர்கள் புதியவர்கள் அல்லர். அதுதான் வேடிக்கை.

விக்டோரியா பப்ளிக் ஹாலுக்குப் பக்கத்துக் கட்டிடம் ரிப்பன் மாளிகை. சென்னை நகராண்மைக் கழகம் 1913-ல் அங்கே குடியேறியது. கழகம் பிறந்ததோ 1688-ல். முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்ஸன். அவருக்குக் கீழே பன்னிரண்டு ஆல்டர்மென்கள். அந்தப் பன்னிருவரில் சின்ன வெங்கடாத்திரி போன்ற நம்மவர் சிலர் இருந்தார்கள். பார்த்தலோமியோ ரோட்ரிகஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, அல்வாரோ ட ஃபொன்சேகா என்று மூன்று யூத வியாபாரிகளும் இருந்தார்கள். மத்தியதரைக் கடலின் பவழத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப்போன கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு என்ற பெயர் அந்த வியாபாரத்தை இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு விசேஷம் கவனிக்க வேண்டும். லண்டன் மாநகரம் முதன்முதலாக ஒரு யூதரை மேயராக ஏற்றது 1855-ல். பிரிட்டிஷ் பார்லிமெண்டில் முதல் யூதர் தம் முறைப்படி பிரமாணம் எடுத்து அமர்ந்தது 1858-ல். சென்னைப் பட்டணத்திலோ அதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் முன்பாகவே மூன்று யூதர்கள் அங்கி தரித்து நகரசபையில் உட்கார்ந்துவிட்டார்கள். கும்பெனியாருக்கு மனம் விசாலமாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. வைரம் தேவையாக இருந்தது. வைரத்தின் தரம் அறிந்தவனும் தேவையாக இருந்தான். லாபம் உள்ள இடத்தில் துவேஷம் சற்று நேரம் வாசலில் காத்திருக்கும். வியாபாரம் வேறு திசை திரும்பியதும் அந்தக் குடும்பங்களும் போய்விட்டன. பெத்தநாயக்கன் பேட்டையில் இருந்த அவர்களுடைய கல்லறைக் கற்களில் எஞ்சியவை இடம் மாறி, கடைசியில் லாயிட்ஸ் ரோடு போய்ச் சேர்ந்தன. அந்தச் சாலைக்கு இப்போது அவ்வை சண்முகம் சாலை என்று பெயர். ஔவையார் வேஷத்தில் தமிழ்நாட்டை வசப்படுத்திய நாடகக் கலைஞர் டி. கே. சண்முகத்தின் பெயரைத் தாங்கிய சாலையில் சென்னை யூதர்களின் சமாதிகள் இருக்கின்றன. இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

ஆக, மேடையில் யூதன் வந்தபோது ஊரில் யூதன் இல்லை. ஷேக்ஸ்பியருக்கும் அதே நிலைமைதான். இங்கிலாந்து தன் யூதர்களை 1290-ல் விரட்டிவிட்டது; திரும்ப வர இடம் கொடுத்தது 1656-ல். இடையிலே, 1590களின் பிற்பகுதியில், அந்த நாடகம் எழுதப்பட்டது. ராணி எலிஸபெத்தின் வைத்தியர் லோபஸ், யூத வம்சத்தில் வந்தவர், ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 1594-ல் தூக்கிலிடப்பட்டதை லண்டன் கண்டிருந்தது. ஷைலக்கைப் படைத்தவனும் பார்த்தவர்களும் யூதர்களோடு சகஜமாகப் பழகியவர்கள் அல்லர். இருந்தும், கிழவன் வாயில் அந்தக் கவி சில வார்த்தைகளை வைத்துவிட்டான். அடித்தால் எனக்கும் வலிக்காதா என்று கேட்கிற வார்த்தைகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு, 1814-ல் எட்மண்ட் கீனும் 1879-ல் ஹென்றி இர்விங்கும் ஷைலக்கைக் கோமாளி வேஷத்திலிருந்து விடுவித்து மனிதனாக்கினார்கள்.

யூதனே இல்லாத ஊரில் யூதனைப் பற்றிய நாடகத்தை மொழிபெயர்ப்பவன் ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்கிறான். நம் ஊரில் யூதன் யார்? இந்தக் கேள்விக்கு அவன் பதில் சொல்லியே ஆகவேண்டும். 1880-ல் காசியில் பாரதேந்து ஹரிச்சந்திரர் இதே நாடகத்தை ஹிந்தியில் ‘துர்லப பந்து’ என்று எழுதினார். அந்தோனியோ அனந்தன் ஆனான். ஷைலக் சைலாட்சன் ஆனான், ஜைனனாகவும் ஆனான். பாரதேந்து துஷ்டர் அல்லர். நவீன ஹிந்தி இலக்கியத்தின் தந்தை என்று கொண்டாடப்படுபவர். யூதன் இருந்த இடத்தில் வைக்க ஒருவனைத் தேடினார்; பணம் வைத்திருப்பவன், பிற மதத்தான், எண்ணிக்கையில் சிறுபான்மையோன் என்று அவர் கை ஜைனன்மேல் போய் நின்றது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் சற்று நெருடும், நெருட வேண்டும். மதுரையில் எண்ணாயிரம் சமணர்களைக் கழுவேற்றியதாக ஒரு கதை நம்மிடம் உண்டு. அது நடந்த சம்பவமா, பக்தர்களின் பெருமைக் கற்பனையா என்று சரித்திரக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். கதையில் வரும் எண்ணிக்கையைக் காட்டிலும் எனக்கு வியப்பாக இருப்பது, அதைப் பெருமையாக நினைத்துக் கோயில் சுவரில் சித்திரமும் தீட்டிய மனோபாவம். மொழிபெயர்ப்பில் வார்த்தைகள் மாத்திரம் இடம் மாறுவதில்லை. துவேஷமும் புது விலாசம் தேடிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஷைலக்கை விட்டு அவன் மகளிடம் வருவோம். யூதக் குடும்பம் ஒன்று துன்பப்படுவதைக் காட்டி ரசிகர்களை அழவைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட நாடகங்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நம் நாட்டிலேயே பெரும் புகழ் பெற்றது. காசியில் பிறந்த ஆகா ஹஷ்ர் காஷ்மீரி பார்ஸி நாடகக் கம்பெனிகளுக்காக உருதுவில் எழுதிய ‘யஹூதி கீ லட்கி’ - யூதனின் மகள். 1933-ல் நியூ தியேட்டர்ஸார் அதைப் படமாக்கினார்கள், சைகல் நடித்தார். 1958-ல் பிமல் ராய் ‘யஹூதி’ என்று மீண்டும் எடுத்தார். திலீப் குமாரும் மீனா குமாரியும் நடித்தார்கள். யூதத் தகப்பன் வேஷத்தில் சோராப் மோடி கர்ஜித்தார்.

கதை ரோமாபுரியில் நடக்கிறது. ரோமானிய அதிகாரி ஒருவன் யூத நகை வியாபாரியின் ஒரே மகனைக் கொன்றுவிடுகிறான். அதே அதிகாரியின் பெண் குழந்தை வியாபாரியின் கைக்கு வந்து சேருகிறது. அவன் அதைப் பழிவாங்கவில்லை; மகளாகவே வளர்க்கிறான். அவளை ஒரு ரோமானிய ராஜகுமாரன், யூதன் என்று வேஷம் போட்டுக்கொண்டு வந்து காதலிக்கிறான். வேஷம் கலைகிறது, வழக்கு வருகிறது, மரண தண்டனை விதிக்கப்படுகிறது. தண்டனைக்கு முன்னால் நின்று யூதன் உண்மையைச் சொல்கிறான்: இவள் என் மகள் அல்ல, உன் மகள். அடிமை நாட்டிலே வாழ்ந்த ரசிகர்களுக்கு ரோமானியன் யார், யூதன் யார் என்று விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தக் கதையின் பூர்வீகம் பாரீஸ். 1835-ல் அங்கே அரங்கேறிய ‘லா ஜுயிவ்’ என்ற ஓபெராவுக்கு ஹலேவி சங்கீதம் அமைத்தார்; கதை ஸ்க்ரீப் எழுதியது. அங்கே பெண்ணின் பெயர் ராஷேல். தண்டனை விதித்த கார்டினலின் சொந்த மகளே அவள் என்ற உண்மை, அவளைக் கொதிக்கும் கொப்பரையில் தள்ளுகிற கணத்தில்தான் வெளிவருகிறது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் ஜெர்மனியில் லெஸ்ஸிங் நிற்கிறார். 1779-ல் அவர் வெளியிட்ட ‘ஞானி நாதன்’ நாடகம், மத சமரசத்தைப் பற்றி ஐரோப்பாவில் எழுதப்பட்ட நாடகங்களுக்கெல்லாம் தலையாயது. ஜெருசலேமில் வாழும் யூத வியாபாரி நாதன். அவனுடைய மனைவியையும் ஏழு பிள்ளைகளையும் கிறிஸ்தவர்கள் வீட்டோடு கொளுத்திவிட்டார்கள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் ஒரு கிறிஸ்தவக் குழந்தை அவன் கைக்கு வருகிறது. ரேக்கா என்று பெயரிட்டு வளர்க்கிறான். நாடகத்தின் முடிவில் ரேக்கா சுல்தான் சலாவுதீனின் சகோதரன் மகள் என்றும், அவளைக் காதலித்த கிறிஸ்தவ வீரன் அவளுடைய உடன்பிறந்தவனே என்றும் தெரியவருகிறது. எல்லாரும் ஒருவரையொருவர் தழுவிக்கொள்ளத் திரை விழுகிறது. அந்தத் தழுவலில் ரத்த சம்பந்தம் இல்லாத ஒரே ஆள் நாதன்.

இப்போது நான்கு நாடகங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஜெசிக்கா மதம் மாறினாள், பிழைத்தாள். ராஷேல், ரேக்கா, ரோமாபுரிப் பெண் மூவரும் யூதன் வீட்டில் வளர்ந்தவர்கள். மூவரும் பிறப்பால் யூதப் பெண்கள் அல்லர் என்று முடிவில் ருசுவாகிறது. யூதன் வீட்டுப் பெண்ணுக்காக ரசிகன் கண்ணீர் விடுகிறான். அவள் யூதப் பெண்ணே அல்ல என்று தெரிந்ததும் நிம்மதிப் பெருமூச்சும் விடுகிறான். அந்தப் பெருமூச்சில்தான் விஷயம் இருக்கிறது. நம்முடைய பெண்ணை அல்லவா கொல்லப் பார்த்தோம் என்ற பதைப்பு, நாடகத்தின் உச்சமாகிவிடுகிறது. அவள் நிஜமாகவே யூதப் பெண்ணாக இருந்திருந்தால்? அப்போது கொல்லலாமா? இந்தக் கேள்வியை நாடகம் கேட்கவில்லை. ரசிகனும் கேட்டுக்கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சேருகிறான்.

இதற்கு எதிர்த் திசையில் ஓடும் நாடகம் ஒன்று உண்டு. அதையும் லெஸ்ஸிங்தான் எழுதினார். 1749-ல், இருபது வயதுப் பையனாக இருந்தபோது. ‘யூதர்கள்’ என்று பெயர், ஒரே அங்கம். ஒரு பிரபுவைத் திருடர்கள் தாக்குகிறார்கள். திருடர்கள் யூதர்களைப் போல் தாடி வைத்து வேஷம் போட்டவர்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து பிரபுவைக் காப்பாற்றுகிறான். பிரபு நன்றிப் பெருக்கில் யூதர்களைத் திட்டித் தீர்த்துவிட்டுத் தன் பெண்ணையே வழிப்போக்கனுக்குக் கொடுக்க முன்வருகிறான். அப்போது அவன் சொல்கிறான்: நான் யூதன். அவ்வளவுதான், கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. இங்கேயும் பிறப்பு வெளிப்படுகிறது. ஆனால் எவருக்கும் நிம்மதி தரவில்லை, வெட்கத்தைத்தான் தருகிறது. நாடகம் அச்சில் வந்ததும், இவ்வளவு உத்தமமான யூதன் உலகத்தில் இருக்க முடியுமா, நம்பும்படி இல்லையே என்று ஒரு பண்டிதர் மதிப்புரை எழுதினார். மோசஸ் மெண்டல்ஸன் என்ற யூத இளைஞர் அதைப் படித்துக் கொதித்தார். பிற்காலத்தில் பெரிய தத்துவஞானியாகப் புகழ்பெற்ற அவர், லெஸ்ஸிங்கின் ஆயுட்கால நண்பர். நாதனுக்கு அச்சாக இருந்தவர் அவரே என்று சொல்வார்கள்.

கடைசி அங்கத்தில் பிறப்பை மாற்றிக் காப்பாற்றும் இந்த உபாயம் நமக்குப் புதிதா? நந்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனார் தில்லைக்குள் நுழைவதற்கு நெருப்பில் மூழ்கவேண்டியிருந்தது. நெருப்பிலிருந்து வெளிவந்தவர் பூணூலும் சடையும் தரித்த முனிவர். கோயில் கதவு திறந்தது; திறந்தது அந்த முனிவருக்கு. ஆதனூர் நந்தன் வெளியிலேயே எரிந்து போய்விட்டான். கோபாலகிருஷ்ண பாரதியார் பெரிய புராணத்தில் இல்லாத வேதியர் பாத்திரத்தைப் படைத்து, பண்ணையாளின் தவிப்பைத் தமிழ்நாடு முழுவதும் பாடி அழும்படி செய்தார். அவராலும் அந்தக் கடைசிக் கட்டத்தை மாற்ற முடியவில்லை. புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ என்று கதை எழுதி அதைச் சீண்டிப் பார்த்தார். 1978-ல் இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ நாடகத்தில் அந்த நெருப்பைத் தெய்வத்தின் செயலாக வைக்காமல் மனிதர்கள் செய்த சூழ்ச்சியாகவே காட்டினார்.

இந்த இடத்தில் ஒரு நடிகரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செருகளத்தூர் சாமா 1940-ல் ‘ஷைலக்’ என்ற தமிழ்ப் படத்தில் ஷைலக்காக நடித்தார், படம் ஓடவில்லை. 1942-ல் ஜெமினியின் ‘நந்தனார்’ படத்தில், தண்டபாணி தேசிகரின் நந்தனாருக்கு எதிரே வேதியராக வந்தார். அந்தப் படம் ஊரையே கூட்டியது. வாசலுக்கு வெளியே நிற்பவன் வேஷமும், வாசலை அடைத்துக்கொண்டு நிற்பவன் வேஷமும் ஒரே முகத்துக்கு இரண்டு வருஷ இடைவெளியில் வாய்த்தன.

அந்த வருஷங்களில் ஐரோப்பாவில் நாடகம் என்ன செய்துகொண்டிருந்தது? 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் யூத நடிகர்களை ஜெர்மன் மேடைகளிலிருந்து விலக்கினார்கள். வெளியே தள்ளப்பட்ட கலைஞர்கள் பெர்லினில் தங்களுக்கென்று ஒரு கலைச் சங்கம் அமைத்தார்கள். நடிப்பவரும் யூதர், பார்ப்பவரும் யூதர். வேறு எவரும் வரக் கூடாது என்பது அரசாங்க உத்தரவு. 1933 அக்டோபர் 1-ஆம் தேதி அவர்கள் ஆடிய முதல் நாடகம் ‘ஞானி நாதன்’. கேட்கவேண்டியவர்கள் ஒருவர்கூட அரங்கில் இல்லை. 1943-ல் வியன்னாவின் பர்க் தியேட்டரில், அந்த ஊர் நாஜித் தலைவரின் விருப்பப்படி வெனிஸ் வர்த்தகனை ஆடினார்கள். வெர்னர் கிராஸ் என்ற பேர்பெற்ற நடிகர் ஷைலக்கை அருவருக்கத்தக்க பிராணியாக நடித்துக் காட்டினார். அந்த ஊர் யூதர்களில் பெரும்பாலோரை அதற்குள் ரயிலேற்றி அனுப்பியாகிவிட்டது. அங்கேயும், ஊரில் யூதன் இல்லை, மேடையில் இருந்தான்.

இரண்டுக்கும் நடுவில், 1942 ஜூலை 18-ஆம் தேதி, வார்ஸா நகரத்து யூதச் சேரியில், டாக்டர் யானுஷ் கோர்ச்சாக்கின் அநாதை விடுதியில் குழந்தைகள் ஒரு நாடகம் போட்டார்கள். அது ரவீந்திரநாத் தாகூரின் ‘தபால் நிலையம்’. வெளியே போகக் கூடாது என்று வைத்தியரால் அறைக்குள் அடைக்கப்பட்ட சிறுவன் அமல், ஜன்னல் வழியே உலகத்தோடு பேசிக்கொண்டு ராஜாவின் கடிதத்துக்குக் காத்திருக்கிற கதை. நாடகத்தில் யூதன் என்ற வார்த்தையே கிடையாது. சுவருக்குள் அடைபட்ட அந்தக் குழந்தைகள் தங்களுடைய கதையை வங்காளத்துப் பையனிடம் கண்டுகொண்டார்கள். ஆகஸ்டு முதல் வாரத்தில் கோர்ச்சாக்கையும் குழந்தைகளையும் டிரெப்ளிங்காவுக்குக் கொண்டுபோனார்கள். அவரைத் தப்பிக்க வைக்க நண்பர்கள் முயன்றார்கள். குழந்தைகளை விட்டுவிட்டு வர அவர் சம்மதிக்கவில்லை.

அதே ஜூலை 6-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் ஒரு யூதக் குடும்பம் ஒரு கட்டிடத்தின் பின்கட்டில் போய் ஒளிந்துகொண்டது. 1944 ஆகஸ்டு 4-ஆம் தேதி பிடிபட்டது. மகள் அன்னா ஃபிராங்க் 1945-ல் பெர்கன்-பெல்ஸன் முகாமில் இறந்தாள். தகப்பன் ஒருவரே மிஞ்சினார். அவள் எழுதிய டைரி நாடகமாகி நியூயார்க்கில் அரங்கேறியது 1955 அக்டோபர் 5-ஆம் தேதி. ஆவடியில் மகாசபை கூடிய அதே வருஷம். மறுவருஷம் ஜெர்மனியின் பல நகரங்களில் ஒரே நாளில் அதை ஆடினார்கள். திரை விழுந்ததும் கைதட்டாமல், பேசாமல், ரசிகர்கள் எழுந்து போனார்கள் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதின.

யூதன் வீட்டுப் பெண், யூதப் பெண்ணாகவே கடைசிவரை இருந்த நாடகம் அது. அவள் வேறு யாருடைய மகளும் அல்ல என்பதை அவையில் இருந்த எல்லாரும் அறிந்திருந்தார்கள். ஆனாலும் முழுமையாக அவளை அவளாக இருக்க விட்டார்களா என்று அப்போதே சச்சரவு எழுந்தது. டைரியை முதலில் நாடகமாக்க முனைந்த மேயர் லெவின் என்ற எழுத்தாளர், மேடைக்கு வந்த நாடகத்தில் யூதத் தன்மையைக் குறைத்துவிட்டார்கள், எல்லார் வீட்டுப் பெண்ணாக ஆக்கிவிட்டார்கள் என்று வருஷக் கணக்கில் வாதாடினார். எல்லார் வீட்டுப் பெண்ணாக ஆக்கினால்தான் எல்லாரும் அழுவார்கள் என்பது நாடகக்காரர்களின் கணக்கு. கணக்கு சரிதான், நாடகம் வெற்றி பெற்றது. ஆனால் அந்தக் கணக்கும் பழைய மச்சத்தின் தூரத்துச் சொந்தம்தான். நம்மைப் போல் இருந்தால் அழுவோம். நம்மைப் போல் இல்லாவிட்டால்?

ஆவடியில் இன்றைக்கு ஒரு நாடகக் குழு, யூதக் குடும்பத்தைப் பற்றிப் புது நாடகம் ஒன்றை மேடையேற்ற விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தாராளமாகச் செய்யட்டும். டாங்கித் தொழிற்சாலையும் ராணுவக் கிடங்குகளும் வந்த நாளிலிருந்து எந்தெந்த மாகாணத்து ஜனங்களோ வந்து குடியேறிய ஊர் அது. வந்தவர்கள் எல்லாரும் முதலில் வாடகைக்கு வீடு தேடினார்கள். எந்த ஊர், என்ன ஆட்கள், அடுப்பில் என்ன வேகும் என்ற கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். சிலருக்குச் சாவி கிடைத்தது. சிலரிடம், வீடு நேற்றுத்தான் போயிற்று என்று மரியாதையாகச் சொன்னார்கள். வாணீபுரம் ரொம்ப தூரத்தில் இல்லை.

அப்படிப்பட்ட ஊரில் பெர்லின் கொடுமையைக் காட்டி அழவைப்பது சிரமமான காரியமல்ல. அங்கே அடித்தவனும் நாமல்ல, அடிபட்டவனும் நாமல்ல. செலவில்லாத கண்ணீர். ஆகையால் நாடக ஆசிரியரிடம் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். அந்த வீட்டுப் பெண்ணைக் கடைசி அங்கத்தில் வேறு யாருடைய மகளாகவும் ஆக்கிவிடாதீர்கள். அவளுடைய பிரார்த்தனையும், அவள் வீட்டுச் சாப்பாடும், அவள் பெயரும் நமக்குப் பழக்கமில்லாதவையாகவே இருக்கட்டும். பழக்கமில்லாத அந்தப் பெண் நம்மிடம் நியாயம் கேட்கட்டும்.

இது மேனாட்டிலிருந்து கடன் வாங்கவேண்டிய யோசனை அல்ல. ஆவடியிலிருந்து பஸ் ஏறினால் பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். வைசிய குலத்தில் பிறந்தவர். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு விசிறி வீசும் கைங்கரியம் செய்தவர். பெருமாள் அவரோடு நேரில் பேசுவார் என்பது வைஷ்ணவ மரபு. அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டுமென்று ராமாநுஜர் ஆசைப்பட்டு அவரை வீட்டுக்கு அழைத்தார். அழைத்துவர ராமாநுஜர் ஒரு தெரு வழியே போக, நம்பி வேறு தெரு வழியே வந்துவிட்டார். கோயில் வேலை இருக்கிறது என்று சொல்லி அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். ராமாநுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் எச்சில் இலையை எடுத்து எறிந்தாள். இடத்தைச் சாணமிட்டு மெழுகினாள். குளித்துவிட்டுக் கணவருக்குப் புதிதாகச் சமைத்தாள்.

இந்தக் கதையில் நம்பியின் தோளில் பூணூல் முளைக்கவில்லை. முற்பிறப்பு ரகசியம் எதுவும் வெளிவரவில்லை. அவர் வந்தபடியே வந்து, உண்டு, போய்விட்டார். தஞ்சமாம்பாள் கொடியவளும் அல்ல. அவளுடைய தாயார் செய்ததை, அண்டை வீட்டுக்காரி செய்ததை அவளும் செய்தாள். மெழுகின ஈரம் காய்வதற்குள் ராமாநுஜர் திரும்பிவந்து தரையைப் பார்த்தார். மாறவேண்டியது விருந்தாளி அல்ல, வீடுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.